ரெண்டாள் கொசுவலை

பிள்ளையை என் மடியில குடும்மா, நீ அந்தப் பையை எடுத்து மேல வச்சிக்கோ. பயப்படாத, கீழ போட மாட்டேன். இந்த உடுப்பைப் பாத்துட்டு எல்லாரும் என்னைப் பள்ளிக்கூடத்து சிஸ்டர்னுதான் நினைக்காவ. நான் நர்ஸ். பிரசவம் பாக்குற நர்ஸ். உன் பிள்ளை மாதிரி எத்தனையோ பிள்ளைங்க இந்தக் கையிலதான் வந்து விழுந்துச்சு.

தடுப்பூசி போட்டுட்டு வாறியளோ? தொடை வீங்கியிருக்கு பாரு. இன்னைக்குக் கொஞ்சம் மேல் காயும், காய்ச்சல்னு பயப்படாத, பாலைக் குடுத்துக்கிட்டே இரு. முன் சீட்டுல தூங்குறது உங்கம்மாவா? தூங்கட்டும், எழுப்பாத. அப்போ நீ இன்னும் அம்மா வீட்டுலதான் இருக்க. அஞ்சாம் மாசம் வந்து கூட்டிட்டுப் போவாவளா? நல்லது. இருந்துட்டே போ. மாப்பிள்ளை அவசரப்படுத்துனாலும் போகாத. இப்போ உடம்பு தேறலைன்னா பொறவு எப்பவும் தேறாது. நான் நர்ஸா சொல்லுதேன்.

பஸ் திசையன்விளை போக இன்னும் நேரம் கிடக்கு. பேசுனா உனக்குத் தொந்தரவு இல்லையே? மடத்துல யாரும் என்கூட ரொம்பப் பேசுறதில்லை. ஓய்வு எடுங்க சிஸ்டர், ஓய்வு எடுங்க சிஸ்டர்னு சொல்லிச் சொல்லி என்னை ஒரு மூலையில உக்கார வச்சிட்டாவ. எனக்கு ஒரு கோளாறும் கிடையாது. நாக்குல மட்டும் ருசி தெரியலை. குழம்புல உப்பு இருக்கா இல்லையான்னு பக்கத்துல சாப்பிடுறவியளைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடுதேன். டாக்டர் வயசும்பார். வயசுதான், வேற என்ன.

நான் இத்தனை வருஷமும் பசிபிக் கடல்ல ஒரு தீவுல இருந்தேம்மா. பேரைச் சொன்னாலும் உனக்குத் தெரியாது. பெரிய விமானம், பொறவு சின்ன விமானம், பொறவு மோட்டார் படகு. படகுல போறவன் வாந்தி எடுத்து முடிக்கிற இடத்துலதான் தீவு வரும். தென்னையும் மீனும் சேப்பங்கிழங்கும்தான் சாப்பாடு. ஆனா பக்தியான சனம். தீவு முழுக்க நம்ம கத்தோலிக்க சனம்தான். சாமியார் மாசத்துக்கு ஒரு தடவைதான் படகுல வருவார். மத்த நாளெல்லாம் நாங்க ரெண்டு சிஸ்டர்மாரும்தான். எம்பேரு அமலோற்பவம். அது அவங்க வாயில நுழையலை. சிஸ்டா அமலோ, சிஸ்டா அமலோன்னு கூப்பிடுவாவ. நானும் அப்படியே பழகிட்டேன்.

ஒரு பழக்கம் மட்டும்தான் எங்களுக்குப் பிடிக்காம இருந்துச்சு. சொல்லுதேன் கேளு. அங்க பிள்ளை பெத்தவ பிள்ளையைத் தூக்கிட்டுத் தாய் வீட்டுக்குப் போயிருவா. புருஷன் மீனைக் கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுத் திரும்பிப் போயிறணும். உள்ள வரக்கூடாது. எதுவரைக்கும்னு கேளு. அந்தப் பிள்ளை வளந்து, நடந்து, ஒரு தேங்காய்ச் சிரட்டையில தண்ணி மொண்டு தகப்பன் கையில கொண்டு குடுக்கணும். தகப்பன் அந்தத் தண்ணியைக் குடிப்பான். அதுக்குப் பொறவுதான் பெண்டாட்டியைக் கூட்டிட்டுப் போகலாம். ரெண்டு வருஷம் ஆகும், மூணு வருஷம் ஆகும். முன்னால எவனாவது பெண்டாட்டியைத் தேடிப் போனான்னு வையி, பால் திருடன்னு பேரு வச்சிருவாவ. செத்தாலும் அந்தப் பேரு போகாது.

நீயே சொல்லு, இது ஒரு குடும்பமா? கடவுள் இணைச்சதை மனுஷன் பிரிக்கிறதான்னு சாமியார் ரொம்பச் சங்கடப்பட்டார். அவர் போலந்துக்காரர், நல்ல மனுஷன். பெண்டாட்டி இல்லாத ஆம்பளைங்க ஒழுங்கா இருப்பானுவளா, வேற வீட்டு வாசல்ல போய் நிப்பானுவளேன்னு அவருக்குப் பயம். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. சிஸ்டர், பொம்பளைங்ககிட்ட நீங்கதான் பேசணும்னு சொன்னார். பேசுனேன். வீடு வீடாப் போய்ப் பேசுனேன். தலையைத் தலையை ஆட்டுவாவ. பிள்ளை பெத்ததும் அம்மா வீட்டுக்குப் போயிருவாவ.

அந்தச் சமயத்துலதான் கொசுவலை வந்துச்சு. அங்க மலேரியா ஜாஸ்தி. ஏதோ ஒரு சங்கத்துக்காரங்க மூட்டை மூட்டையா அனுப்பியிருந்தாவ. எல்லாம் ரெண்டாள் படுக்கிற பெரிய வலை, மருந்துல முக்குன வலை. அதைப் பாத்ததும் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. பிள்ளையோட ஞானஸ்நானத்துக்குப் பொறவு எந்தப் புருஷனும் பெண்டாட்டியும் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கோயில்லேருந்து நேரா அவங்க வீட்டுக்குப் போறாவளோ, அவங்களுக்கு ஒரு வலை. பூசை முடிஞ்சதும் பீடத்துக்கு முன்னால வச்சே குடுக்கலாம்னு சொன்னேன். சாமியாருக்கு ரொம்பச் சந்தோஷம். சிஸ்டர், இந்தப் புத்தி எனக்கு வரலையேன்னார்.

முதல் வலையை வாங்குனது அகத்தா.

அகத்தாவைப் பத்திச் சொல்லணும். கோயில்ல பாட்டுப் பாடுறவ. முன் பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும், அவ சிரிச்சா நமக்கும் சிரிப்பு வந்துரும். சொன்ன பேச்சை அப்படியே கேப்பா. சிஸ்டா, இந்தப் பூவைப் பறிக்கட்டுமா, சிஸ்டா, நான் மெழுகுவத்தி ஏத்தட்டுமான்னு எல்லாத்துக்கும் கேட்டுக் கேட்டுத்தான் செய்வா. அப்படி ஒரு பொண்ணை நான் நம்ம ஊர்லகூடப் பாத்ததில்லை. எனக்கு ஒரு மக இருந்தா இப்படி இருக்கணும்னு நினைச்சிருக்கேன். அதெல்லாம் நினைக்கக்கூடாது, இருந்தாலும் நினைச்சிருக்கேன்.

அவ புருஷன் பாஸ்கால். குடி கிடையாது, அடி கிடையாது. வலையை வாங்கும்போது அவன் தலையைத் தூக்கவே இல்லை. பின்னால நின்ன பையன்மாரு பால் திருடன்னு முணுமுணுத்தானுவ. நான் ஒரு முறை முறைச்சேன், அடங்கிட்டானுவ. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு, பிள்ளையை அவ தூக்கிக்கிட்டு, வலையை அவன் தூக்கிக்கிட்டுக் கடற்கரை வழியா நடந்து போனாவ. எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா. சாமியார் போட்டோ எடுத்தார்.

மறுநாள் அகத்தாவோட அம்மா என்னைத் தேடி வந்தா. வெத்திலை மாதிரி ஒண்ணு மெல்லுவாவ அங்க, பாக்கும் சுண்ணாம்புமா, வாயெல்லாம் சிவப்பு. உக்காருன்னா உக்காரலை. பிள்ளை சிரட்டைத் தண்ணி சுமக்கும் முன்னால அடுத்தது வந்தா ரெண்டுக்கும் பால் இருக்காது, தாய்க்கும் ரத்தம் இருக்காதுன்னா. இப்படித்தான் அந்தக் காலத்து ஆளுங்க, எல்லாத்துக்கும் ஒரு பயம். அதைக் கடவுள் பாத்துக்கிடுவார்னு சொன்னேன். அவ வெளிய போய்த் துப்பிட்டுப் போயிட்டா. என் மேல துப்பலை, பாக்கைத்தான் துப்புனா.

அகத்தா வலை வாங்குனதைப் பாத்து மத்தவியளும் வாங்க ஆரம்பிச்சாவ. யாருக்குத்தான் கொசுக்கடி பிடிக்கும்? ரெண்டு வருஷத்துல தீவுல பாதி வீட்டுல எங்க வலைதான். காய்ச்சல் குறைஞ்சுச்சு, அதை மறுக்க முடியாது. மூட்டையெல்லாம் காலி.

ஆனா பிரசவம் ஜாஸ்தி ஆயிட்டும்மா. அது ஏன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை. நான் போன புதுசுல வாரத்துக்கு ஒண்ணு வந்தா பெருசு. பொறவு ஒருத்தியை இறக்கி விடுறதுக்குள்ள அடுத்தவ வந்து படுத்திருப்பா. போன வருஷம் பெத்தவளே இந்த வருஷமும் வருவா. இடுப்புல ஒண்ணு, வயித்துல ஒண்ணு. கண்ணு இமையைக் கீழ இழுத்துப் பாத்தா உள்ள வெள்ளையா இருக்கும். சத்து மாத்திரை குடுப்பேன். அதைப் பன்னிக்குப் போடுறாளா தின்னுறாளான்னு யாரு கண்டா. இடுப்புல இருக்கிற பிள்ளை பால் இல்லாம சவலைப் பிள்ளையா நோஞ்சிக் கிடக்கும். உங்க ஊர்ல சவலைன்னு சொல்லுவியளா? அதேதான்.

அரசாங்க நர்ஸ் ஒருத்தி ஊசியும் மாத்திரையும் எடுத்துக்கிட்டுப் படகுல வருவா. பிள்ளை உண்டாகாம இருக்கிறதுக்கு. அவளும் நம்ம கத்தோலிக்கப் பொண்ணுதான், அதான் கொடுமை. படகுக் கொட்டகையில பெட்டியைத் திறந்து வச்சிக்கிட்டு உக்காருவா. நான் சண்டை போடலை. எனக்குச் சண்டை போடத் தெரியாது. டீ போட்டுக் கொண்டு போய்க் குடுத்தேன். பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உக்காந்து ஜெபமாலை சொன்னேன். அவ்வளவுதான். மத்தியானம் வரைக்கும் ஒரு பொம்பளையும் வரலை. வேண்டாம்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு பாரு.

அகத்தா மட்டும் வந்தா. அப்போ அவளுக்கு மூணு பிள்ளை. ஒண்ணை இடுப்புல வச்சிக்கிட்டுத் தென்னை நிழல்ல நின்னா. அவ என்னைப் பாத்தா, நான் அவளைப் பாத்தேன். நான் சிரிச்சேன்கூட. என்ன அகத்தா, டீ குடிக்கியான்னு கேட்டேன். வேண்டாம் சிஸ்டான்னு திரும்பிப் போயிட்டா. நான் ஒரு வார்த்தை தடுக்கலை, கேட்டியா. அவளாத்தான் போனா. அந்த நர்ஸ் பெட்டியை மூடிக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. பொறவு அவ வரவே இல்லை.

அதுக்காக நாங்க சும்மா இருந்தோம்னு நினைக்காத. திருச்சபை அனுமதிக்கிற இயற்கை முறை இருக்குல்லா, அதைப் படிச்சுக் குடுத்தேன். நான் அதுக்குன்னு சிட்னி போய்ப் பயிற்சி எடுத்தவ. பிள்ளை உண்டாகிற நாள் எதுன்னு பொம்பளை உடம்பே ஒரு அடையாளம் காட்டும். ஈரமா இருக்கா, வறண்டு இருக்கான்னு தினமும் பாக்கணும். ஈரமான நாள்ல புருஷன் ஒதுங்கிப் படுக்கணும். எவ்வளவு சுலபம். ஞாயித்துக்கிழமை பூசைக்குப் பொறவு பொம்பளைங்களை உக்கார வச்சுப் பாடம் எடுத்தேன். எல்லாரும் முழங்காலைக் கட்டிக்கிட்டுக் கேப்பாவ. ஒருத்தி சொல்லுதா, சிஸ்டா, எங்க ஊர்ல மழையும் கடலும்தான், எங்க பாத்தாலும் ஈரம்தான்னு. எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன். பொறவு அகத்தா கையைத் தூக்கிக் கேட்டா, எங்க ஒதுங்கிப் படுக்கிறது சிஸ்டா, வலை ஒண்ணுதானே இருக்குன்னு. வெளிய படுத்தா புருஷனுக்குக் காய்ச்சல் வந்துரும். பொறவு கடலுக்கு யாரு போறதுன்னு கேட்டா.

நான் அன்புன்னா தியாகம்னு சொன்னேன். அவ சரி சிஸ்டான்னா. அதான் அகத்தா. எதைச் சொன்னாலும் சரி சிஸ்டா.

நாலாவது பிள்ளை பொறந்த மறுநாள் காலையில அவளைப் பாக்கப் போனேன். எங்க ஆஸ்பத்திரியிலதான் படுத்திருந்தா, நாலே கட்டில் போட்ட ஆஸ்பத்திரி. முகம் வெளுத்து, உதடும் முகமும் ஒரே நிறமா இருந்துச்சு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு கேட்டா. அவ பாஷையில கேட்டதை நம்ம பேச்சுல சொல்லுதேன்.

"சிஸ்டா, இந்த ஒரு தடவை நான் எங்கம்மா வீட்டுக்குப் போகட்டுமா?"

"ஒரு வாரம் இருந்துட்டு வா"ன்னேன்.

"சிரட்டைத் தண்ணி வரைக்கும் இருந்துட்டு வாறேன் சிஸ்டா. இந்த ஒரு தடவைதான்."

"அகத்தா, முதல் வலை வாங்குனவ நீ. நீ போனா எல்லாரும் போவாவ."

அவ என் கையை விட்டுட்டா. பொறவு சரி சிஸ்டான்னா. அவ கேட்டதுல தப்பு இல்லை, உடம்பு அசதியில கேட்டா. நானும் சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன். ஒரு வாரம் அம்மா வீட்டுல இருந்துட்டு, சொன்ன மாதிரியே பாஸ்கால்கூடப் போயிட்டா. ஒரு நாள்கூட அதிகமா இருக்கலை. அப்படி ஒரு கீழ்ப்படிதல்.

அஞ்சாவது பிரசவத்துக்கு அவளே நடந்து வந்தா. மழைக்காலம். காலையில ஜெபம் முடிச்சு வாறேன், வாசப்படியில உக்காந்திருக்கா. பிள்ளை சுலபமா வந்துச்சு, பொம்பளைப் பிள்ளை. நஞ்சுக்கொடியும் வந்துச்சு. உதிரம்தான் நிக்கலை. எல்லாம் செஞ்சேம்மா. ஊசி போட்டேன், வயித்தை அமுக்கி அமுக்கிப் பிடிச்சேன். கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகணும், இறுகலை. தொளதொளன்னு கிடந்துச்சு, இறுகுறதுக்கு அதுல பலமே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப் பாஸ்கால் படகைத் தள்ளுனான். அலை திருப்பித் திருப்பிக் கரையில கொண்டாந்து போட்டுச்சு. அவனும் திருப்பித் திருப்பித் தள்ளுனான். ஜன்னல் வழியா எனக்குத் தெரியுது. நான் கையை எடுக்க முடியாது.

அகத்தா கத்தலை. பயமா இருக்குன்னு சொல்லலை.

"சிஸ்டா, நான் தூங்கட்டுமா?"ன்னு கேட்டா.

தூங்காத, தூங்காத, என்னைப் பாரு, பாட்டுப் பாடுன்னு சொன்னேன். ஒரு வரி பாடுனா. பொறவு திரும்பவும் கேட்டா. அப்போ உதிரம் கட்டில்லேருந்து என் செருப்புக்கு வந்துட்டு. எனக்குத் தெரிஞ்சு போச்சு. சரி அகத்தா, தூங்குன்னேன். அவ நான் சொன்னதை ஒரு தடவைகூட மீறுனதில்லை.

எனக்கு அழுகை வரலை. அவளைக் குளிப்பாட்டுனேன், பாட்டுக்காரிங்க உடுக்கிற நீலத் துணியை உடுத்தி விட்டேன். கல்லறையில எல்லாரும் மண்ணைப் போட்டு அழுதாவ, அலை அடங்கிப் படகுல வந்து சேந்த சாமியார்கூட அழுதார். நான் மழைக்குக் குடையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். இன்னைக்கு வரைக்கும் வரலை. நர்ஸுக்கு அப்படித்தான், பழகிரும். அந்தப் பொம்பளைப் பிள்ளையும் பால் இல்லாம ரெண்டு மாசத்துல போயிட்டு.

என்னம்மா, வெயில் அடிக்குதா? ஜன்னலைச் சாத்திவிடு. இன்னும் கொஞ்சம்தான், சொல்லி முடிச்சிருதேன்.

அகத்தாவுக்கு ஒரு தங்கச்சி உண்டு, மோனிக்கா. அவளுக்கு அப்போ ரெண்டு பிள்ளை, ரெண்டும் கைப்பிள்ளை. அக்காவை அடக்கம் பண்ணிக் கொஞ்ச நாள்ல ஒரு மத்தியானம் மடத்துக்கு வந்தா. ஒண்ணு முதுகுல, ஒண்ணு நெஞ்சுல, கையில ஒரு தாழம்பாய். என்ன மோனிக்கா, பாயெல்லாம் தூக்கிட்டு வந்திருக்கன்னு கேட்டேன்.

"இங்க படுத்துக்கிடுதேன் சிஸ்டா. அம்மா வீட்டுக்குப் போகக்கூடாதுன்னுதானே சொன்னீங்க. இது அம்மா வீடு இல்லையே."

கன்னியாஸ்திரி மடத்துல கல்யாணமானவளை வச்சிக்கிட முடியுமா? சட்டம் இருக்குல்லா. நான் அவளைத் திட்டலை. ஒரு டம்ளர் பால் குடுத்தேன். சின்னதை நான் வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, வா, நானே உன்னைக் கொண்டு விடுதேன்னு சொன்னேன். பாயைச் சுருட்டிக்கிட்டு எந்திரிச்சா. அவளும் அக்கா மாதிரிதான், எதிர்த்துப் பேச மாட்டா.

கடற்கரை வழியா நடந்தோம். அவ வீட்டுப் பக்கத்துல வந்ததும் நின்னா. என் முகத்தைப் பாத்துக் கேட்டா.

"சிஸ்டா, நீங்க மட்டும் எப்படித் தனியாப் படுக்கீங்க? உங்களை மட்டும் எப்படி விட்டாங்க?"

அவ கிண்டலாக் கேக்கலை, நிசமாவே தெரிஞ்சுக்கிடத்தான் கேட்டா. அது தேவ அழைத்தல் மோனிக்கா, ஆண்டவர் சிலரைத் தனியா இருன்னு கூப்பிடுவார், நாங்க போவோம்னு சொன்னேன்.

அவ அதை யோசிச்சா. மெதுவா, படிப்புல கெட்டிக்காரப் பிள்ளை யோசிக்கிற மாதிரி யோசிச்சா.

"எனக்கும் அந்த அழைத்தல் வருமா சிஸ்டா? முழுசா வேண்டாம். மூணு வருஷத்துக்கு."

அதுக்குள்ள அவ புருஷன் வந்து என் தோள்லேருந்து பிள்ளையை வாங்கிக்கிட்டான். அவ பாயைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. மழைக்காலம் முடியும் முன்னால எங்க மடத்து மதர் என்னைத் திரும்ப வரச் சொல்லிட்டாவ. நான் கிளம்பும்போது மோனிக்காவுக்கு மூணாவது வயித்துல. யாரு பாத்தாளோ, எப்படிப் பாத்தாளோ, ஒரு தகவலும் எனக்கு வரலை.

நான் அங்க எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா. வாரா வாரம் ஞானோபதேசம் சொல்லிக் குடுத்தேன். முன் வரிசையில உக்காந்து கேட்டவம்மா அந்த மோனிக்கா. கடைசியில தேவ அழைத்தல்னா என்னன்னுகூட அவளுக்குப் புரியலை. என்னால தாங்க முடியாதது அது ஒண்ணுதான்.